விலக்கி வைத்த பஞ்சமம்: மறைஞானப் பொருளில் தனிப் பியானோவுக்கு இசையமைக்கும் முறை

மறைஞானப் பொருளில் ஒரு தனிப் பியானோ இசையை அமைக்க விரும்பி வரும் மாணவர்களிற் பெரும்பாலோர், முதல் நாளே வலது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் ஸ்தாயியில் கைபோன போக்கில் சுரங்களைத் தூவத் தொடங்குகிறார்கள். கேட்பதற்கு அது இதமாகவே இருக்கும். நுவரெலியாவில் பிற்பகல் நான்கு மணிக்கு இறங்கும் மூடுபனியைப் போலவும் இருக்கும். ஆனால் மூன்று நிமிடம் கழிந்தபின் கேட்டவர் மனத்தில் எதுவும் தங்கியிருக்காது. மலையகப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பியானோ கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் களைய முயல்கிறேன். திருமூலரோ அருணகிரிநாதரோ சொற்களை மங்கலாகக் கையாண்டவர்கள் அல்லர். சொல்லக்கூடியதை எல்லாம் கூர்மையாகச் சொல்லிவிட்டு, சொல்ல முடியாத ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டவர்கள் அவர்கள். பியானோவிலும் வழி அதுவே. எதை வாசிப்பது என்று தேடுவதற்கு முன், எதை விலக்கி வைப்பது என்று முடிவு செய்தவருக்கே இவ்வகை இசை கைகூடுகிறது. ஒரு சுரத்தை வர்ஜமாக்குவதாலேயே, அதாவது அறவே விலக்குவதாலேயே, ஒரு ராகத்துக்குத் தனி முகம் அமைவதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கக்கூடிய உண்மை.

இந்த வழிகாட்டி, இரண்டு கைகளாலும் ஓரளவு சரளமாக வாசிக்கவும் மேலைத்தேய இசைக்குறிப்பைப் படிக்கவும் தெரிந்தவர்களுக்கானது. பியானோவில் ஐந்தாம் தரப் பரீட்சை வரை படித்திருந்தால் போதும். பியானோ இல்லாதவர்கள் 61 கட்டை கீபோர்ட்டிலும் தொடங்கலாம். ஆனால் அதனுடன் இணைக்கும் பெடலை எப்படியாவது வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் கீழே சொல்லப்படுபவற்றுட் பாதி அந்தப் பெடலைச் சார்ந்தது.

பொருளைத் தேர்தல்

"ஞானம்", "பேரின்பம்", "இறைவன்" போன்ற பெருஞ்சொற்களிலிருந்து தொடங்காதீர்கள். அவை எவ்வளவு உயர்ந்தவையோ அவ்வளவுக்கு விரல்களுக்கு எட்டாதவை. நீங்களே நின்று பார்த்த, கேட்ட ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுகிறவருக்கு மேலே தெரியும் விளக்கு வரிசை, உச்சியில் யாத்திரிகர் தாம் ஏறிய தடவைகளின் எண்ணிக்கைப்படி அடிக்கும் மணி, மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் நேரம், விடியுமுன் லயத்து வாசல்கள் வரை எட்டிய, தோட்ட வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பைப் பற்றிப் பாட்டி சொன்ன நினைவு, இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு முழு இசைக்குப் போதுமானது. தேர்ந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஒலி இருக்க வேண்டும், அசைவு இருக்க வேண்டும், நடக்காமற்போன ஒன்றும் இருக்க வேண்டும். "இரவு முழுதும் ஏறினோம், மணி கேட்டது, சூரியன் இன்னும் வரவில்லை" என்று என் மாணவி ஒருத்தி எழுதிவந்தாள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய அந்த வாக்கியம் எப்படி ஐந்து நிமிட இசையாயிற்று என்பதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னோரிடம் எதைப் பெறுவது

முன்னோடிகளிடமிருந்து ஊக்கம் பெறுவது என்றால் அவர்களுடைய மெட்டையோ மனநிலையையோ ஒற்றியெடுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களே தம் முன்னோரிடம் அவ்வாறு பெறவில்லை. பாக் 1722-இல் இருபத்துநான்கு மேஜர், மைனர் சுருதிகளிலும் ஒவ்வொரு முன்னிசையும், பியூக் என்ற பல குரல் வடிவமும் எழுதித் தொகுத்தார். ஷோப்பான் 1839-இல் வெளியிட்ட தம் இருபத்துநான்கு முன்னிசைகளில் அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, வரிசையை ஐந்தாம் சுரச் சுழற்சிப்படி மாற்றியமைத்தார். ரஷ்ய இசையமைப்பாளரான இளம் ஸ்க்ரியாபின் தம் பதினொராவது ஓபஸில், அதாவது பதினொராம் இலக்கப் படைப்பில், ஷோப்பானின் அதே வரிசையைப் பின்பற்றி இன்னொரு இருபத்துநான்கை எழுதினார். மூவரிடையே கைமாறியது ஒரு சட்டகம் மட்டுமே. அதனுள் ஒவ்வொருவரும் வைத்தது வேறு.

ஆகவே, ஒரு முன்னோடியைத் தேர்ந்து, அவருடைய ஒரே ஒரு படைப்பின் ஒரு பக்கத்தை உங்கள் கையாலேயே ஐந்து கோட்டுத் தாளில் பிரதி செய்யுங்கள். ஒளிப்பிரதி எடுப்பது இதற்கு ஈடாகாது. கை எழுதும்போதுதான், இடக்கை எத்தனை நேரம் ஒரே சுரத்தில் நிற்கிறது, எங்கே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது என்பவை கண்ணில் படுகின்றன. பின்னர் அதன் எலும்புக்கூட்டை மட்டும் நாலைந்து வரியில் எழுதுங்கள். உதாரணமாக, பிரான்ஸ் லிஸ்ட் 1860களின் தொடக்கத்தில் எழுதிய, அசிசியின் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் போதித்த கதையைச் சொல்லும் படைப்பின் கூடு இவ்வளவுதான்: முதலில் மேல் ஸ்தாயியில் பறவைகளின் நடுங்கும் ஒலி, பிறகு துணையில்லாமல் ஒற்றை வரியாக மனிதக் குரல், பிறகு இரண்டும் சேர்ந்து. இந்தக் கூட்டை எடுத்து, பறவைகளின் இடத்தில் மாலைச் சில்வண்டுகளையும், துறவியின் குரலுக்கு ஈடாக உங்கள் ஊர்க் கோயிலில் யாரோ பாடும் விருத்தத்தையும் வைத்தால், லிஸ்டின் ஒரு சுரத்தைக்கூட எடுக்காமல் அவருடைய வழித்தோன்றல் ஆகலாம்.

எவரை எதற்காக அணுகலாம் என்பதில் எனக்குச் சில தெளிவான விருப்பங்கள் உண்டு. வெறுமையை எழுத விரும்பினால் ஃபெடெரிக்கோ மொம்புவிடம் செல்லுங்கள். 1959 முதல் 1967 வரை நான்கு தொகுதிகளாக அவர் எழுதிய இருபத்தெட்டுச் சிறு படைப்புகளுக்கு "மௌன இசை" என்று பெயர். அச்சொல் ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவானுடைய கவிதையிலிருந்து வந்தது. கந்தரனுபூதியின் "சும்மா இரு சொல்லற" என்ற தொடரை மனத்தில் வைத்துக்கொண்டு மொம்புவை வாசிக்கிறவருக்கு அந்த இசை அயலாகத் தோன்றாது. கட்டற்ற காலநடையை எரிக் சாட்டியிடம் கற்கலாம். ஒழுக்கமான எளிமைக்கு ஆர்வோ பேர்ட் இருக்கிறார். சுடர்விட்டு எரியும் வகைக்கு ஸ்க்ரியாபினை விட்டால் வேறொருவர் இல்லை. குர்ஜீயெஃப் என்ற ஞானாசிரியர் பிரான்ஸில் இருந்தபோது 1920களில் மெட்டுகளைச் சொல்லச் சொல்ல, தோமஸ் டி ஹார்ட்மன் அவற்றைப் பியானோவுக்கு எழுதிவைத்தார். ஒரு குரலும் ஒரு தாங்கு சுரமும் மட்டுமே கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அவை நல்ல பாடம்.

நம் பக்கத்து முன்னோரையும் இந்த வரிசையில் வைத்தே நான் கற்பிக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஸ்ரீவித்யா உபாசகர், அதாவது ஸ்ரீசக்கரத்தில் தேவியை வழிபட்டவர். அவருடைய கமலாம்பா நவாவரணக் கிருதிகள், ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் வெளிச்சுற்றிலிருந்து நடுப்புள்ளி வரை ஒவ்வொன்றாகக் கடந்து செல்கின்றன. வெளியிலிருந்து உள்ளே செல்லும் இந்த ஒழுங்கு பியானோவுக்கு மிக அழகாகப் பொருந்தும்: ஒன்பது சிறு பகுதிகள், ஒவ்வொன்றிலும் கைகளின் பரப்பு முன்னையதைவிடக் குறுகி, ஏழு ஸ்தாயியில் தொடங்கியது ஒரே ஒரு சுரத்தில் முடியலாம். இதை எழுதி முடித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. யாரேனும் எழுதவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

ஆறு சுரங்கள்

அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் (1872–1915) பிளவாட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான நூல்களை ஆழ்ந்து படித்தவர். அதே அம்மையார், பிரம்மஞான சபையைத் தம்முடன் சேர்ந்து நிறுவிய ஒல்கொட்டுடன் 1880 மே மாதம் காலிக்கு வந்திறங்கிப் பௌத்தப் பஞ்சசீலம் ஏற்றவர் என்பதால், இலங்கையருக்கு அந்தச் சிந்தனை மரபு முற்றிலும் தொலைவானதன்று. ஸ்க்ரியாபின் 1910-இல் முடித்த "புரோமிதியஸ்" என்ற பெரும்படைப்பின் அடித்தளமாக ஒரு சுரக்கூட்டை, அதாவது நாம் கோர்ட் என்று வழங்குவதை, வைத்தார். பிற்காலத்தார் அதற்கு மறைஞானக் கோர்ட் என்று பெயரிட்டார்கள். கீழிருந்து மேலாக அதன் சுரங்கள் சி, எஃப் ஷார்ப், பி ஃபிளாட், ஈ, ஏ, டி ஆகியன.

இதை ஓர் அயல்நாட்டு மந்திரம்போல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சி-யை ஷட்ஜமாகக் கொண்டு அதே ஆறு சுரங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள்: ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். இது 64ஆவது மேளகர்த்தாவாகிய, அதாவது தாய் ராகமாகிய, வாசஸ்பதியின் சுரவரிசையே, ஜி ஆகிய பஞ்சமம் ஒன்று மட்டும் இல்லாமல். முதன்முதலில் இதைக் கட்டைகளின் மேல் தடவிக் கண்டறிந்த அன்று, பாடசாலைக் காலத்தில் கர்நாடக இசை ஆசிரியையிடம் படித்ததும் பியானோவில் படித்ததும் எனக்குள் முதன்முறையாக ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஸ்க்ரியாபின் வாசஸ்பதியை எண்ணி எழுதினார் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவர் வந்த பாதை வேறு. ஆயினும் நமக்கு இது ஒரு திறவுகோல். ஷட்ஜத்துக்கு அடுத்தபடி செவிக்குத் தரிப்பிடம் தருவது பஞ்சமம். அதை எடுத்துவிட்டால், மற்ற ஆறு சுரங்களும் எங்கே இறங்குவது என்று தெரியாமல் மிதக்கின்றன.

செய்முறை இது. ஒரு கிழமைக்கு இந்த ஆறு சுரங்களைத் தவிர வேறெதையும் தொடாமல் வாசியுங்கள். இடக்கையில் சி, எஃப் ஷார்ப், பி ஃபிளாட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, வலக்கையில் ஈ, ஏ, டி மூன்றையும் முதலில் சேர்த்தும் பிறகு ஒவ்வொன்றாகவும் வாசியுங்கள். அடுத்த கிழமை அதே சுரக்கூட்டை எஃப் ஷார்ப்பிலிருந்து, நம் ஆர்மோனியக்காரர் கணக்கில் நாலரைக் கட்டையிலிருந்து, அமையுங்கள். அப்போது கிடைக்கும் ஆறு சுரங்களில் சி, ஈ, எஃப் ஷார்ப், பி ஃபிளாட் ஆகிய நான்கும் முன்பிருந்தவையே; டி-யும் ஏ-யும் மட்டும் விலகி, ஜி ஷார்ப்பும் டி ஷார்ப்பும் அவ்விடத்துக்கு வருகின்றன. ஹப்புத்தளைப் பாதையில் ஒரு முடக்கைத் தாண்டியதும் அதே மலை வேறு முகம் காட்டுவதுபோல, சுரங்களிற் பெரும்பாலானவை அப்படியே இருக்க, நிறம் மாறிவிடும். ஸ்க்ரியாபினின் பிற்கால சொனாட்டாக்களில் இந்தத் தாவல் இடைவிடாமல் நிகழ்கிறது. ஒரு முழு இசையின் அசைவுக்கு இந்த இரண்டு நிலைகளே போதும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் வழி வேறு. அவர் பயன்படுத்திய சில சுரவரிசைகளைச் சில தடவைகளுக்கு மேல் சுருதி மாற்ற இயலாது. அதன்பின் அதே சுரங்களே திரும்ப வந்துவிடும். அவற்றுள் முதலாவது முழுச் சுர இடைவெளிகளால் ஆனது. நமது கோப்ரியா ராகத்தின் சுரங்களைக் கொண்டது. அதற்கு இரண்டே நிலைகள். இரண்டாவதில் அரையும் முழுமையும் மாறி மாறி வரும் எட்டுச் சுரங்கள் உண்டு. சாதாரண, அந்தர காந்தாரங்கள் இரண்டும் சேர்ந்தே வருவதால் மேளகர்த்தாவுக்குள் அது அடங்காது. அதற்கு மூன்றே நிலைகள். எங்கும் போக முடியாத இந்த அடைபட்ட தன்மையையே அவர் நித்தியத்தின் அடையாளமாக்கினார். 1944-இல் அவர் எழுதிய, குழந்தை இயேசுவை நோக்கும் இருபது பார்வைகள் என்ற பியானோத் தொகுதியில் இறைவனுக்குரிய கருப்பொருள் எஃப் ஷார்ப் மேஜரில் அமைந்திருக்கிறது. லிஸ்டின், தனிமையில் இறைவனின் ஆசீரைப் பற்றிய படைப்பும் அதே சுருதியே. ஸ்க்ரியாபினின் "புரோமிதியஸ்" முடிவதும் அங்கேதான். கறுப்புக் கட்டைகள் ஐந்தும் கையின் கீழ் இயல்பாக அமைவதால் விரல்கள் தட்டையாகத் தழுவி வாசிக்கும் அந்தச் சுருதியில் ஒரு தனி மென்மை உண்டு. எழுதி முடித்ததை ஒருமுறை நாலரைக் கட்டைக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள்.

ராகத்தைப் பியானோவுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பியானோவில் சுரம் அசையாது. அசைந்தே ஒலிக்கும் தோடியின் காந்தாரத்தை அதில் யாராலும் வாசிக்க முடியாது. அடுத்தடுத்த இரு கட்டைகளை வேகமாகத் தட்டி அதைப் போலி செய்வது செவிக்குத் துன்பம். ஜோன் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920களில் மேளகர்த்தாச் சுரவரிசைகளைக் கொண்டு பியானோவுக்குச் சில படைப்புகள் எழுதினார். தென்னிந்திய இசையைப் பயின்ற மோட் மக்கார்த்தி அவருடைய துணைவியார். ஃபோல்ட்ஸ் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, தேடாமல், தேர்ந்த ஏழு சுரங்களுக்கு வெளியே ஒரு சுரத்தையும் தொடாமல் எழுதுவது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டார். அந்தக் கட்டுப்பாடே நமக்கும் உகந்தது.

ஒலி அடங்கும் வரை கேட்டல்

வயலினைப்போலோ நாதஸ்வரத்தைப்போலோ பியானோவில் ஒரு சுரத்தை வளர்க்க முடியாது. தட்டிய கணத்திலிருந்தே அது இறக்கத் தொடங்குகிறது. இந்தக் குறையே மறைஞானப் பொருளுக்குப் பியானோவை மிகத் தகுந்த கருவியாக்குகிறது என்பது என் நம்பிக்கை. ஆகையால் எழுதுவதற்கு முன், உங்கள் பியானோ எவ்வாறு அடங்குகிறது என்பதை அறியுங்கள். ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரு சி-யைத் தட்டி, ஒலி முற்றாக மறையும்வரை விநாடிகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கீழே நீண்டு நிற்கும் சுரம் மேலே செல்லச் செல்லச் சட்டென்று மறைவதைக் காண்பீர்கள். எந்தச் சுரக்கூட்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைத் தாளக் கணக்கைவிட இந்த எண்களே சரியாகச் சொல்லும்.

மலைநாட்டில் இந்த எண்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். ஈரப்பதத்தை உறிஞ்சிப் பலகை ஊதும், கட்டைகளின் ஊசிகளைச் சுற்றியுள்ள உறைத்துணி தடிக்கும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பயன்படுத்தும் பியானோ ஹட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் இருக்கிறது. தோட்டத் துரைமார் காலத்தைச் சேர்ந்த அப்ரைட் வகை. அதன் கீழ்ப்பலகைக்கு உள்ளே 15 வாட் மின்குமிழ் ஒன்று இரவும் பகலும் எரிகிறது. முழங்காலைப் பலகையில் வைத்தால் மெல்லிய சூடு தெரியும். ஆனி, ஆடி மழையில் அந்தச் சூட்டையும் மீறி நடு சி-க்கு மேலுள்ள ஈ ஃபிளாட் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். அந்த மாதங்களில் எழுதும் பிள்ளைகளிடம் அந்தச் சுரத்தைத் தவிர்த்து எழுதுமாறு சொல்வதுண்டு. ஒரு சுரம் கிடையாது என்ற நிலை அவர்களை வியக்கத்தக்க வகையில் கூர்மையாக்குகிறது.

இப்போது ஒரு சோதனை. நடு சி-க்குக் கீழே முதலில் வரும் ஜி-யை ஒலி எழாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பெடலைத் தொடாதீர்கள். பிறகு, நடு சி-யிலிருந்து இரண்டு ஸ்தாயி கீழேயுள்ள சி-யைப் பலமாகத் தட்டி உடனே கையை எடுங்கள். சி நின்றுவிடும், ஆனால் நீங்கள் தட்டாத ஜி காற்றில் ஒலிப்பதைக் கேட்பீர்கள். கீழ் சி-யின் கம்பி அதிரும்போது அதனுள்ளேயே அதன் மூன்று மடங்கு அதிர்வும் பிறக்கிறது, அது பஞ்சமம், மேலே தடையின்றி விடப்பட்ட ஜி கம்பி அதைக் கேட்டுத் தானும் அதிர்கிறது. தம்புராவின் முன் அமர்ந்தவர்கள் இதைப் பல முறை உணர்ந்திருப்பார்கள். ஸ்க்ரியாபினின் சுரக்கூட்டிலிருந்து நாம் விலக்கிய பஞ்சமம் உண்மையில் எங்கும் போகவில்லை. ஷட்ஜத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. சில மின்னணுக் கீபோர்ட்களில் இந்த ஒத்ததிர்வு கேட்காது. அப்படியானால், அந்த ஜி-யைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவுக்குத் தனியே தட்டிக்கொள்ளலாம்.

பெடலைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். வலது பெடலை எப்போது அழுத்துவது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதையே இசைக்குறிப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு எடுப்பும் ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்.

காலம்

ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. சாட்டி 1890 அளவில் எழுதிய நொசியென் என்ற பியானோப் படைப்புகளுள் முதல் மூன்றில் தாளக்கோடுகளே இல்லை. ஆனாலும் இடக்கை ஒரே நடையில் சீராகச் செல்வதால் வலக்கையின் சுதந்திரம் குழப்பமாவதில்லை. தாளக்கோட்டை நீக்குகிறவர் இந்தச் சீரான தரையைக் கைவிடக்கூடாது. மெசியானோ, சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரத்தில் தொகுத்த 120 தேசி தாளங்களைப் படித்து, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் கால அளவுகளைத் தம் இசைக்கு அடிப்படையாக்கினார். 3, 5, 8, 5, 3 என்ற எண்ணிக்கையில் ஒரே சுரக்கூட்டைத் தட்டிப் பாருங்கள். நடுவிலுள்ள எட்டை அடைந்ததும் காலம் திரும்பி நடக்கத் தொடங்குவதை உணர்வீர்கள்.

ஓர் இசை உருவான விதம்

இனி, முன்னர் சொன்ன மாணவியின் இசைக்கு வருகிறேன். அவள் வீட்டார் மார்கழியில் நல்லதண்ணி வழியாக மலை ஏறியிருந்தார்கள். எடுத்துக்கொண்ட கூடு, ஸ்க்ரியாபின் 1914-இல் எழுதிய "சுடரை நோக்கி" என்ற படைப்பினுடையது: மிகக் கீழே, மிக மெதுவாகத் தொடங்கி, திரும்பிப் பாராமல் மேலும் மேலும் ஏறுவது. வளர்ச்சிமுறையை ஆர்வோ பேர்ட் 1976-இல் எழுதிய "அலினாவுக்காக" என்ற இரண்டு பக்க இசையிலிருந்து பெற்றோம். அதில் ஒவ்வொரு பகுதியும் முன்னையதைவிட ஒரு சுரம் நீண்டு, உச்சத்துக்குப்பின் ஒவ்வொன்றாகக் குறைகிறது. சுரங்கள், பஞ்சமம் நீங்கிய வாசஸ்பதி.

முதல் வரியில் ஈ, எஃப் ஷார்ப் என்ற இரண்டே சுரங்கள். இரண்டாவதில் ஈ, எஃப் ஷார்ப், ஏ. அடுத்ததில் நான்கு. ஒவ்வொரு வரிக்கும் அடியில் இடக்கை கீழ் சி-யை ஒருமுறை மட்டும் தட்டும். ஐந்து சுரங்களை எட்டியதும் தரை எஃப் ஷார்ப்புக்கு மாறும், பாதை திரும்பிவிட்டது. ஏறும் வழியில் காத்திருப்பே அதிகம் என்று அவள் சொன்னதால், வரிகளுக்கிடையே விடும் வெற்றிடங்களை 3, 5, 8, 5, 3 என்று அமைத்தோம். மணி, மிக மேலேயுள்ள டி. ஒழுங்கில்லாமல், ஏழு தடவை.

முதல் வரைவில் அவள் செய்த பிழை நல்ல உள்ளத்திலிருந்து பிறந்த பிழை. சூரியன் உதிக்கும் இடத்தில் விலக்கி வைத்திருந்த பஞ்சமத்தை மூன்று ஸ்தாயிகளில் இரண்டு கைகளாலும் முழுப் பலத்துடன் தட்டியிருந்தாள். நான்கு நிமிடம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு நொடியில் செலவாகிவிட்டது. அந்த நேரத்தில் மலையில் என்ன கேட்டது என்று வினவினேன். அவள் சற்று நேரம் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சத்தமே இல்ல மிஸ். சூரியன் வந்தப்ப எங்க பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சும்மா நின்னாங்க. மலையோட நிழல்தான் அந்தப் பக்கம் மூடுபனி மேல முக்கோணமா விழுந்திச்சு" என்றாள். இரண்டாம் வரைவில் பஞ்சமத்தை மெல்லிதாக, வலக்கையில் ஒருமுறை தட்டினாள். மேலானது, ஆயினும் தட்டும் விரல் கேட்டது. அதற்கடுத்த சனிக்கிழமைதான் நிழலைப்போலவே பஞ்சமத்தையும் தட்டாமல் விழச் செய்யலாம் என்று இருவருக்கும் தோன்றிற்று.

திருத்தும் வேலைக்கு ஒரு முறை சொல்கிறேன். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அன்றே கேட்காமல், மறுநாள் வேறொரு நேரத்தில் கேளுங்கள். கேட்கும்போது இசைத்தாளைப் பார்க்காதீர்கள். எங்கெல்லாம் மனம் வேறெங்கோ போகிறதோ அங்கெல்லாம் சுரங்கள் அதிகம்; அங்கே கூட்டாமல் குறையுங்கள். எழுத்துப்படியை இறுதியாகச் செப்பனிட மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதுமானது. தாளக்கோடில்லாத இசையை அதில் அமைப்பது சற்றுச் சிரமமென்பதால், அவ்வகைப் படைப்பைக் கையாலேயே எழுதி ஒளிப்பிரதி எடுப்பதை நான் விரும்புகிறேன். உரிமை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளி வாழ்ந்த காலமும் அவர் மறைந்தபின் எழுபது ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். லிஸ்ட், ஸ்க்ரியாபின், சாட்டி ஆகியோருடைய சுரங்களை எவரும் எடுத்தாளலாம். மொம்புவுடையதையும் மெசியானுடையதையும் அவ்வாறு எடுக்க முடியாது. முறைகளைப் பின்பற்றுவதற்கு எவரிடமும் அனுமதி தேவையில்லை.

மாணவியின் இசை இப்போது முடியும் விதம் இது. ஏழாவது மணிக்குப்பின் மேலுள்ள சுரங்கள் அடங்கும்வரை காத்திருந்து, முழு இசையிலும் முதன்முறையாகப் பெடலை எடுக்க வேண்டும். மண்டபம் வெறுமையாகும். அந்த வெறுமையில் இடக்கைப் பெருவிரல் ஜி-யை ஒலியின்றி அழுத்த, அதே கையின் சிறுவிரலுக்கு அந்தத் தூரம் எட்டாதாகையால், வலக்கை குறுக்கே இறங்கிக் கீழ் சி-யைத் தட்டி உடனே விலகுகிறது. எங்கள் பழைய அப்ரைட்டில், மழையில்லாத பங்குனி நாளொன்றில், அந்த ஜி ஆறு விநாடி நின்றது. கடைசி வரியின் மேல் அவள் பென்சிலால் எழுதிவைத்திருக்கும் குறிப்பு: "விரலை எடுக்காதே, அது தானாகப் போகட்டும்."